ஒரு காட்சி, பன்னிரண்டு வாரம்: மாணவ இயக்குநருக்கான முழுமையான பயிற்சி வழிகாட்டி

கல்லூரி இரண்டாம் ஆண்டில் நான் எடுத்த முதல் குறும்படம் 22 நிமிடம் ஓடியது. நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்ட பணம், வாடகை கேமரா, மூன்று நாள் படப்பிடிப்பு. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது எதுவும் ஒட்டவில்லை. வசனம் கேட்கவில்லை, நடிப்பு பொருந்தவில்லை, வெளிச்சம் ஷாட்டுக்கு ஷாட் மாறியது. படம் மோசமாக வந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எந்தத் தவறு படத்தைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாததுதான் என்னை அதிகம் வாட்டியது.

அதற்குப் பிறகு வேறு வழிக்கு மாறினேன். ஒரே ஒரு சிறிய காட்சியை வாராவாரம் திரும்பத் திரும்ப எடுப்பது, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுவது. இந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு ஸ்மார்ட்ஃபோன், ஒரு அறை, நடிக்கச் சம்மதிக்கும் இரண்டு பேர் இருந்தால் போதும்.

இது புதிய யோசனை இல்லை. 1919இல் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கியபோது ரஷ்யாவில் ஃபிலிம் சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு. அங்கே சொல்லிக்கொடுத்த லெவ் குலெஷோவுக்கு வயது இருபதைச் சுற்றித்தான். ஃபிலிம் இல்லாததால் அவரும் மாணவர்களும் பழைய படங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். கேமராவே இல்லாமல், படம் எடுப்பதுபோல ஷாட் ஷாட்டாக மேடையில் நடித்தும் பார்த்தார்கள். எடிட்டிங் பற்றி இன்று நாம் படிக்கும் அடிப்படைகளில் பல அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்தவை. நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சியில் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் சுற்றுக்குச் சுற்று புதுக் குறும்படம் எடுத்துக் காட்டினார்கள். பெரிய படத்துக்குப் போகும் முன் அவர்கள் கையில் பல சிறிய படங்கள் இருந்தன.

முதல் வாரம்: காட்சியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு பேர், ஒரு அறை, ஒருவரிடம் சொல்லப்படாத ஒரு விஷயம். ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு வாரமும் இலவசமாகக் கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும், அதனால் உங்கள் வீடோ விடுதி அறையோதான் நல்லது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் பயன்படுத்தப்போகும் காட்சி இது. மாலை நேரம். அப்பா தரையில் உட்கார்ந்து மேசை விசிறியைப் பிரித்துப் பழுது பார்க்கிறார். மகன் உள்ளே வருகிறான். அவனுக்கு இரண்டு பேப்பர் அரியர். சொல்லத்தான் வருகிறான், சொல்லாமல் போய்விடுகிறான்.

இதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே அந்தப் பக்கத்தில் இருக்கலாம். ‘அவன் மனம் உடைந்துபோனது’ என்று எழுதினால் கேமராவை எங்கே வைப்பீர்கள்? ‘பையைத் தோளிலிருந்து கழற்றாமலே நிற்கிறான்’ என்று எழுதுங்கள். அதை எடுக்க முடியும். எழுதி முடித்ததும் உணர்ச்சிப் பெயர்களை எல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு செயலை வையுங்கள். இந்த ஒரு வேலைக்கே எனக்கு மூன்று நாள் ஆனது. பரவாயில்லை, அவசரம் எதுவும் இல்லை.

இரண்டு, மூன்றாம் வாரம்: வெட்டாமல் ஒரே ஷாட்

முதலில் கேமராவை ஒரு மூலையில் அசையாமல் வைத்து, முழுக் காட்சியையும் வெட்டில்லாமல் எடுங்கள். 1895இல் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 விநாடிதான், ஒரே ஷாட்தான். அந்த அளவே உங்களுக்கும் போதும்.

ஃபோன் அமைப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் பலர் வழுக்குகிறார்கள். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவின் ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி உள்ளே விழும் நேரம்) அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். அதனால் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். வெளிச்சம் அதிகமென்றால் 1/100. ஃபோனில் வரும் சாதாரண கேமராவில் இதை மாற்ற முடியாவிட்டால், பிளாக்மேஜிக் கேமரா, ஓப்பன் கேமரா போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நடிகர் நகரும்போதெல்லாம் படம் தானாக வெளுத்துக் கறுக்கும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். லென்ஸைச் சட்டைத் துணியால் துடையுங்கள். அவ்வளவுதான்.

இனி சோதனைக்கு வருவோம். கேமராவும் வசனமும் நடிகர்களும் அப்படியே இருக்க, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் மாற்றி ஐந்து முறை எடுங்கள். அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அடுத்து, வாசலுக்கு முதுகு காட்டி. அடுத்து, மகன் நிலைப்படியைத் தாண்டாமலே பேசுகிறான். அடுத்து, வந்ததும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விசிறியின் கம்பி வலையைப் பிடித்துக்கொடுக்கிறான். கடைசியாக, மகன் கேமராவுக்கு மிக அருகே, அப்பா தூரத்தில்.

ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். முதுகு காட்டிய அப்பா கண்டிப்பானவராகத் தெரிவார். மகன் கம்பி வலையைப் பிடித்துக்கொடுக்கும் டேக்கில் அதே அப்பா நண்பராகிவிடுவார், அப்போது மகன் சொல்லாமல் போவது இன்னும் வலிக்கும். வசனத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, லொக்கேஷனுக்குப் போனதும் ‘எந்த லென்ஸ்’ என்று கேட்பதற்கு முன் ‘யார் எங்கே நிற்கிறார்’ என்று கேட்கத் தொடங்குவீர்கள். என் அனுபவத்தில் ஒரு மாணவர் இயக்குநராகத் தொடங்குவது இந்த வாரத்தில்தான்.

நான்கு, ஐந்தாம் வாரம்: வெட்டிப் பார்ப்பது

உங்களுக்குப் பிடித்த ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுத்து அதையே துண்டு துண்டாக எடுங்கள். ஒரு மாஸ்டர் (இருவரும் அறையும் தெரியும் அகலமான ஷாட்), இருவருக்கும் எதிரில் இருப்பவரின் தோள்வழியாக ஒவ்வொரு சஜஷன், முகம் மட்டும் தெரியும் ஒவ்வொரு க்ளோஸ், அப்புறம் கை, ஸ்குரூடிரைவர், விசிறி, செருப்பு போன்ற சின்னச் சின்ன இன்சர்ட்டுகள். ஒவ்வொரு ஷாட்டிலும் காட்சியை முதலிலிருந்து கடைசிவரை நடிக்கச் சொல்லுங்கள். ‘இந்த வரி மட்டும் போதும்’ என்று நிறுத்தினால் எடிட்டிங்கில் கை கட்டிப்போட்டதுபோல இருக்கும்.

இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால், அப்பா வலப்பக்கமும் மகன் இடப்பக்கமும் பார்ப்பது எல்லா ஷாட்டிலும் மாறாமல் இருக்கும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தோன்றும். ஒரு முறை வேண்டுமென்றே தாண்டி எடுத்துப் பாருங்கள், அந்தக் குழப்பத்தை நேரில் பார்த்துவிட்டால் விதி மனதில் நின்றுவிடும்.

குலெஷோவின் புகழ்பெற்ற சோதனையையும் இதே வாரத்தில் செய்யலாம். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தை, ஒரு சூப் தட்டுக்கும் ஒரு சவப்பெட்டிக்கும் பக்கத்தில் வைத்து ஒட்டிக் காட்டினார் அவர். பார்த்தவர்கள் முதலில் ஆழ்ந்த யோசனையையும் அடுத்து துக்கத்தையும் அந்த முகத்தில் கண்டார்கள் என்று அவருடைய மாணவர் புதோவ்கின் பின்னாளில் எழுதினார். நீங்கள் அப்பாவாக நடிப்பவரின் முகத்தைப் பத்து விநாடி எடுங்கள், எதுவும் நடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு முறை மதிப்பெண் பட்டியல், ஒரு முறை மாலை போட்ட பாட்டியின் படம், ஒரு முறை சுழலாமல் நிற்கும் விசிறி. மூன்றையும் மூன்று வெவ்வேறு நபர்களுக்குக் காட்டி, அப்பா என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதுங்கள்.

எடிட்டிங்குக்கு லேப்டாப் இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே எதேஷ்டம். ஒரே ரஷஸிலிருந்து, அதாவது எடுத்துவைத்த அதே ஷாட்டுகளிலிருந்து, நான்கு பிரதிகள் செய்யுங்கள். ஒன்றில் பெரும்பாலும் பேசுபவர் முகம். இரண்டாவதில் பெரும்பாலும் கேட்பவர் முகம். மூன்றாவதில் மகனின் முகமே வராமல், கையும் முதுகும் மட்டும். நான்காவதில் வசனத்தை முழுதாக நீக்குங்கள். இரண்டாவது பிரதி உங்களை ஆச்சரியப்படுத்தும். ‘சாப்டியா?’ என்று அப்பா கேட்கும்போது அவரைக் காட்டாமல் மகனைக் காட்டினால், அந்தக் கேள்வி அவன்மேல் விழுவது தெரியும். ஒருவர் பேசி முடிப்பதற்கு முன்பே படத்தை வெட்டி அடுத்தவருக்குப் போகும் பழக்கம் இங்கேதான் கைக்கு வரும்.

ஆறு, ஏழாம் வாரம்: ஒலி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மங்கலான படத்தைப் பார்வையாளர் மன்னிப்பார், கேட்காத வசனத்தை மன்னிக்கவே மாட்டார்.

கேமராவில் உள்ள மைக்கை நம்பாதீர்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும், இது ஒன்றே முதல் விதி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒயர் வைத்த காலர் மைக்கை இரண்டாவது ஃபோனில் செருகி, ஒலிப்பதிவைப் போட்டு, அந்த ஃபோனை நடிகரின் சட்டைப் பைக்குள் வையுங்கள். கேமராவையும் ஃபோனையும் ஓடவிட்ட பிறகு, கேமராவுக்கு முன் ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். எடிட்டிங்கில் இரண்டு ஒலிப்பதிவிலும் அந்தத் தட்டல் கூர்முனையாகத் தெரியும், அதை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் வேலை முடிந்தது.

படப்பிடிப்புக்கு முன் அறையில் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காருங்கள். சீலிங் ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மிக்ஸி, தண்ணீர் மோட்டார், காகம், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் அப்போதுதான் காதில் விழும். அணைக்க முடிந்ததை அணையுங்கள். ஃபிரிட்ஜை அணைக்கும்போது உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்க மாட்டீர்கள். வெற்றுச் சுவர் எதிரொலித்தால், கேமராவில் தெரியாத பக்கமெல்லாம் போர்வையும் கோரைப்பாயும் தொங்கவிடுங்கள். கடைசி ஷாட் முடிந்ததும் யாரும் அசையாமல் நின்று, அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு இடையே உள்ள ஓட்டையை நிரப்ப அது வேண்டும்.

சோதனை இதுதான். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மூன்று விதமாக அமையுங்கள். முதலாவதில் வசனம் மட்டும். இரண்டாவதில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் வர்ணனை, சமையலறையில் குக்கர் விசில். மூன்றாவதில் விசிறி சம்பந்தப்பட்ட சத்தங்கள் மட்டும்: திருகு தரையில் விழுவது, இறக்கை உரசுவது, கடைசியில் அது ஓடத் தொடங்குவது.

மூன்றாவதைச் செய்தபோது எனக்கு ஒன்று நடந்தது. விசிறி பெருஞ்சத்தத்தோடு ஓடத் தொடங்கும் இடத்தை மகனின் கடைசி வரிக்கு மேல் தற்செயலாக நகர்த்திவிட்டேன். அவன் உதடு அசைகிறது, எதுவும் கேட்கவில்லை. அப்பா விசிறி சரியாகிவிட்ட சந்தோஷத்தில் சிரிக்கிறார். சட்டென்று காட்சி மாறிப்போனது. அவன் சொல்லாமல் போகவில்லை. சொல்லிவிட்டான், கேட்கத்தான் இல்லை. ஆறு வாரமாக எழுதியும் வெட்டியும் கிடைக்காத முடிவு, ஒலித்தடத்தை நகர்த்தியபோது கிடைத்தது. கதை எழுதும் மேசையில் மட்டும்தான் வரும் என்று நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வாரம்: ஜன்னலும் வேட்டியும்

ஒளிக்குச் செலவே வேண்டாம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நடிகரை உட்காரவைத்து, நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையையோ வேட்டியையோ பிடியுங்கள். அருகே கொண்டுவந்தால் முகம் மென்மையாகும், தள்ளினால் நிழல் ஆழமாகும். தூரத்தை மட்டும் மாற்றி நான்கு ஷாட் எடுங்கள். முற்பகல் 11 முதல் பிற்பகல் 3 வரை திறந்த வெளியில் முகங்களை எடுக்காதீர்கள், கண்குழியில் நிழல் விழும்.

வெள்ளைத் துணியைக் குறைவாக நினைக்க வேண்டாம். சத்யஜித் ராயின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தபோது சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபதுகளின் தொடக்கம், அதற்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. 1956இல் வந்த ராயின் இரண்டாவது படமான ‘அபராஜிதோ’வுக்காக, காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். வானத்திலிருந்து இறங்கும் மென்மையான ஒளி வேண்டும் என்பதால் முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பி இறங்க வைத்தார் மித்ரா. நிஜ வீட்டையும் செட்டையும் உற்று உற்றுப் பார்த்த ஒருவருக்குத்தான் அந்த யோசனை வந்திருக்கும். நீங்களும் ஒரு நாள் முழுக்க, மணிக்கு ஒரு முறை, உங்கள் அறையின் ஒரே இடத்தைப் புகைப்படம் எடுங்கள்.

ஒன்பதாம் வாரம்: நடிப்பவருக்கு என்ன சொல்வது

‘இன்னும் சோகமா பண்ணுங்க’ என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்ட எவரும் முகத்தைத் தொங்கப்போடுவார், வேறென்ன செய்ய முடியும்? கைக்கு வேலை கொடுங்கள். நிஜமாகவே ஒரு பழைய விசிறியைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள், பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு. கவனம் திருகில் இருக்கும்போது முகம் பொய் சொல்லாது.

பிறகு இந்தச் சோதனை. அப்பாவாக நடிப்பவரை மட்டும் தனியே அழைத்துப்போய், ‘உங்களுக்கு விஷயம் முன்பே தெரியும், டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள், அவனாகச் சொல்கிறானா என்று பார்க்கிறீர்கள்’ என்று சொல்லுங்கள். மகனிடம் இதைச் சொல்லாதீர்கள். அடுத்த டேக்கில், ‘இன்று உங்களுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் யாருக்கும் தெரியாது’ என்று சொல்லுங்கள். வசனம் அதேதான். ஆனால் ‘சாப்டியா?’ என்ற ஒரு சொல் ஒவ்வொரு டேக்கிலும் வேறு எடையோடு வரும், அதைக் கேட்டு மகனின் பதிலும் தானாக மாறும். நண்பர்களையே எல்லா வேடத்திலும் போடாதீர்கள். ஐம்பது வயது வேடத்துக்கு இருபது வயது நண்பனுக்கு மீசை ஒட்டுவதைவிட, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு விசிறி நடிப்பாகவே இருக்காது.

பத்து முதல் பன்னிரண்டு: இப்போது குறும்படம்

இந்தக் காட்சிக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். உங்கள் குறும்படம் அதிலிருந்து வளரட்டும். ஐந்து நிமிடத்துக்குள் நிறுத்துங்கள். பத்தாம் வாரம் எழுத்து, பதினொன்றாம் வாரம் இரண்டு நாள் படப்பிடிப்பு, பன்னிரண்டாம் வாரம் எடிட்டிங்.

பட்ஜெட்டில் முதல் வரி சாப்பாடு. நேரத்துக்குச் சாப்பாடு போடாத படப்பிடிப்பில் பிற்பகல் ஷாட்டுகள் நன்றாக வருவதில்லை. இலவசமாக வேலை செய்ய வந்திருக்கும் நண்பர்களுக்கு நீங்கள் காட்டும் மரியாதையும் அதுதான். ரயில் நிலையம், மெட்ரோ போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது, கதையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அன்றன்று எடுத்ததை அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். உரிமை இல்லாத பாட்டால் யூடியூபில் படம் முடங்கலாம், விழாக்களிலும் சிக்கல் வரும். இசை படிக்கும் ஒரு மாணவரைத் தேடுங்கள், அவரும் உங்களைப்போல ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பார்.

முதல் எடிட் தயாரானதும் உங்கள் குழுவில் இல்லாத ஐந்து பேருக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்பார்கள், அது எதற்கும் உதவாது. ‘என்ன நடந்ததுன்னு சொல்லுங்க’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதையும் நீங்கள் எடுத்ததாக நினைக்கும் கதையும் எங்கே பிரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் ஓடும்போது திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். யாராவது ஃபோனை எடுக்கும் விநாடியை எழுதுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் ஃபோனை எடுத்தால், அந்த ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். நான் அப்படி வெட்டியவற்றில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எடுத்த ஷாட்டும் ஒன்று, இன்றும் மனசு கேட்கவில்லை. ஆனால் படம் அது இல்லாமல்தான் நன்றாக ஓடுகிறது.

படத்தை வெளியே அனுப்ப நினைத்தால், ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமான மும்பை சர்வதேச விழாவும், திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவும் நம்மால் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அனுப்பும் முன் ஒரு முறை பார்வையாளராகப் போய்வாருங்கள். மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு டஜன் கணக்கில் விருதுச் சின்னங்களைப் படமாக அனுப்பிவைக்கும் இணைய விழாக்களுக்குப் பணம் கட்டாதீர்கள், அந்தக் காசில் இன்னொரு குறும்படமே எடுக்கலாம். ஆங்கில சப்டைட்டிலை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். ‘சாப்டியா?’ என்பதை இன்னொரு மொழியில் எழுதப் பார்க்கும்போது, அப்பா அந்த இடத்தில் உண்மையில் என்ன கேட்கிறார் என்று மறுபடி யோசிக்க வேண்டிவரும். அப்போது அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்கத் தோன்றினால், எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.